ஏகாம்பரம் சாப்பிட்டால் ஊருக்கு ஏப்பம்

கோரையாத்தூரில் கல்யாணமோ காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ எதுவானாலும் ஏகாம்பரத்தின் மைக் செட் இல்லாமல் நடந்ததில்லை. ஆனால் அத்தனை கல்யாணத்திலும் ஒரு பந்தியில்கூட ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தவர் இல்லை. எல்லாரும் கை கழுவிப் போன பிறகு, வாழை இலைகளை அள்ளிக்கொண்டிருப்பவர்களுக்கு நடுவில் நின்றபடியே ஆறிப்போன சோற்றையும் அடிச்சட்டிக் குழம்பையும் வருஷக்கணக்காகத் தின்றதில், அவருடைய வயிறு மெல்ல மெல்லக் கோபித்துக்கொண்டு, ஒரு சித்திரை மாதத்தில் பசிப்பதையே நிறுத்திவிட்டது.

பசிக்காத புருஷனுக்குச் சமைத்துப் போடுவதைப்போலக் கொடுமை வேறில்லை என்று அவர் மனைவி பூங்காவனத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் வறுத்தாள், பொரித்தாள், வாசனை தெருமுனை வரை போகும்படி தாளித்தாள். ஏகாம்பரம் தட்டின் முன்னால் உட்கார்ந்து, சோற்றில் ஒரு குழி பறித்து, அந்தக் குழியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு எழுந்துபோனார். மருந்துக்கடை மாத்திரையெல்லாம் தின்று பார்த்தார்கள். டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள், தொண்டை வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள்ளே விளக்குப் போட்டுப் பார்த்தார்கள். எல்லாம் நார்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"நார்மல்னா ஏங்க திங்க மாட்டேங்கறாரு?" என்று பூங்காவனம் அங்கே கேட்டாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

கடைசியில் அவள் மாட்டுச்சந்தைக்கு எதிரே இருந்த மாசிலாமணி வைத்தியரிடம் போனாள். அவர் நாடி பிடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார், சில சமயம் அப்படியே தூங்கியும் விடுவார். அன்றைக்குத் தூங்கவில்லை. சுக்கு, திப்பிலி, ஓமம், பெருங்காயம், நிலவேம்பு, சீந்தில் எல்லாவற்றையும் இடித்து, வேலியோரம் கைக்கு வந்த இன்னொரு தழையையும் கசக்கிச் சேர்த்து, பனைவெல்லத்தில் கிளறி ஒரு பாட்டிலில் அடைத்துக் கொடுத்தார். அது என்ன தழை என்று பிற்பாடு ஊரே கேட்டபோது வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டு புன்னகை செய்தார். பரம ரகசியம் என்று ஊர் நினைத்தது. அவர் மறந்துவிட்டார் என்று பூங்காவனம் அந்த முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"வயிறு மந்தமாயிட்டா அது மூளைக்குச் சேதி சொல்றதை நிறுத்திடும்மா. இது வயித்தைப் பேச வைக்கிற மருந்து. சாப்பாட்டுக்கு முந்தி ஒரு நெல்லிக்காய் அளவு குடு" என்றார்.

பெரிய நெல்லிக்காயா சின்ன நெல்லிக்காயா என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பூங்காவனம் எதையும் குறைவாகக் கொடுத்துப் பழகாதவள். பெரிய நெல்லிக்காயாகவே உருட்டிக் கொடுத்தாள்.

அன்றைக்கு அவள் வைத்திருந்தது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும். மருந்து தொண்டையைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் ஏகாம்பரம் நிமிர்ந்து உட்கார்ந்தார், மூக்கை உறிஞ்சினார், "போடு" என்றார். போட்டாள். மறுபடி "போடு" என்றார். சட்டி காலியாகும் வரை சாப்பிட்டு, விரலை ஒவ்வொன்றாகச் சூப்பி, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, அடிவயிற்றிலிருந்து நெஞ்சு வழியாக ஏறி வரும் ஒரு நீண்ட ஏப்பத்தை விட்டார். அந்த நொடியில், இன்னும் வாயில் ஒரு பருக்கை வைக்காத பூங்காவனமும் ஏப்பம் விட்டாள். பக்கத்து வீட்டில் உலை கொதிக்கக் காத்திருந்த சுகுணா ஏப்பம் விட்டு, அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த வரிசை முழுக்க ஒரே சமயத்தில் ஏப்பம் விட்டுக் கை கழுவ எழுந்தது. பள்ளிக்கூடத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு சத்துணவுக்கு நின்றிருந்த பிள்ளைகள் சின்னச் சின்னதாய் ஏப்பம் விட்டுவிட்டு விளையாடப் போனார்கள். கோயில் தெருவில், பிரதோஷ விரதமென்று காலையிலிருந்து காபிகூடத் தொடாத குருக்கள் கர்ப்பக்கிருகத்தில் தீபாராதனை காட்டும்போது விட்ட ஏப்பத்தில் நெத்திலிக் கருவாடு மணத்தது.

அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டுதான் சாயங்காலத்துக்குள் ஊர் பூங்காவனத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

"மத்தியானம் என்ன வச்ச?" என்று கேட்டார்கள்.

"கருவாட்டுக் கொழம்பு."

"கீரை?"

"முருங்கக்கீரை."

"அதான்" என்று ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு, ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்த நிம்மதியில் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. "நாளைக்கு என்ன வைக்கப்போற?" என்று மட்டும் போகிற போக்கில் ஒருவர் கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஏகாம்பரம் என்ன சாப்பிடுவது என்பது இனி ஏகாம்பரத்தின் சொந்த விஷயம் அல்ல என்று பேரூராட்சித் தலைவர் ஜெகதீசன் ஒரு கமிட்டி போட்டார். கோயில் தெருக்காரர்கள் சைவம்தான் என்றார்கள். கடைத்தெருக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையாவது கறி வேண்டும் என்றார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் கேழ்வரகு கேட்டார்கள், கர்ப்பிணிகள் மாங்காய் கேட்டார்கள். கமிட்டியில் இருந்த ரிட்டயர்டு தாசில்தார் வீட்டில் சமைத்தே பல வருஷமாகி, தினமும் ஓட்டலிலிருந்து பரோட்டாதான் வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அவர் எழுந்து, நம் பாரம்பரிய உணவைக் கைவிட்டதால்தான் இந்த நாடு கெட்டது என்று பேசி உட்கார்ந்தார். சண்டை போட்டு, மண்டபத்து நாற்காலிகள் சிலவற்றை உடைத்து, கடைசியில் கிழமைக்கு ஒன்றாக முடிவானது. சமைக்கப்போகிறவளிடம் மட்டும் யாரும் எதையும் கேட்கவில்லை. அவள் அதே கூட்டத்தில் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த தகராறு கொஞ்சம் ரகசியமாகக் கிளம்பியது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியிலும் ஏப்பம் வருகிறது என்று தெரிந்ததும் மேலத்தெருப் பெரிய மனிதர்கள் முகம் சுருங்கிப் போனார்கள். ஊரே ஒரே நேரத்தில், ஒரே குழம்புக்கு, ஒரே ஏப்பம் விடுவதென்றால் பிறகு மேலத்தெரு என்று ஒன்று எதற்கு? அவர்களில் மூன்று பேர் வைத்தியரிடம் போய், மருந்தின் வேகத்தை ரயில்வே கேட்டோடு நிற்கிற மாதிரி கொஞ்சம் பக்குவம் பண்ண முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டார்கள்.

"மருந்துக்குத் தெரு தெரியாதுங்களே" என்றார் மாசிலாமணி வைத்தியர்.

அவர்கள் திரும்பி வந்து வெகுநேரம் யோசித்தார்கள். அன்றிலிருந்து மேலத்தெருவில் ஏப்பம் வந்தால் வாயைக் கெட்டியாக மூடி அடக்கி, காலனி ஏப்பம் முடிந்தது என்று உறுதியான பிறகே விடுவது வழக்கமாயிற்று. அப்படி அடக்கியதில் சிலருக்கு நெஞ்சுவலி வந்தது. கௌரவம் என்றால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும் என்று அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

பிறகு பாராட்டு விழா நடந்தது. மண்டபத்தில் வைத்தியருக்கும் ஏகாம்பரத்துக்கும் சால்வை போர்த்தி, சித்த மருத்துவத்தின் பெருமையைப் பற்றி ஆறேழு பேர் முழங்கினார்கள். மருந்து வெள்ளைக்காரனிடமிருந்து ஒளித்து வைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னார், அவனுக்கே நாம்தான் கற்றுக்கொடுத்தோம் என்று அடுத்தவர் சொன்னார், இரண்டுக்கும் கைதட்டினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் நிலோஃபரையும் மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சின்ன வயசுப் பெண். அவர் மைக்கைப் பிடித்து நிதானமாகச் சொன்னார்.

"வயிறு காலியானா அதுலேருந்து ஒரு ஹார்மோன் சுரந்து மூளைக்குப் போயி, பசிக்குதுன்னு சொல்லும். சாப்பிட்ட பிறகு குடல்லேருந்து வேற ஹார்மோனுங்க கெளம்பிப் போயி, போதும், எழுந்திரின்னு சொல்லும். கசப்பும் காரமும் இருக்கற மருந்துங்க அந்தச் சேதியைக் கொஞ்சம் தட்டி விடலாம். அது ஆச்சரியமில்ல. ஆனா இவரு விஷயத்துல சேதி ஊர்ல இருக்கற எல்லாருக்கும் போகுது. நல்லா கேட்டுக்கங்க, சேதி மட்டும்தான் போகுது. சோறு போகல."

"சோறு போகல" என்ற இடத்தில் பலத்த கைதட்டல். என்ன சொன்னார் என்று முன்வரிசையில் ஒருவர் கேட்க, "ஹார்மோனே போதும், சோறு வேண்டாம்னு டாக்டரம்மாவே ஒத்துக்கிட்டாங்க" என்று பக்கத்தில் இருந்தவர் விளக்கினார். டாக்டருக்கும் ஒரு சால்வை போர்த்தி உட்கார வைத்துவிட்டார்கள். பின்வரிசையில் நின்றிருந்த பூங்காவனத்துக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும் தொண்டையில் முள் மாதிரி எங்கேயோ சிக்கிக்கொண்டது. அதை எடுத்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை, சாம்பாரும் வாழைக்காய் வறுவலும்.

அதற்குப் பிறகு அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். ஏகாம்பரம் சாப்பிடுவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள், அவர் ஏப்பம் விட்டதும் தாங்களும் விட்டார்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கினார்கள். நாட்டிலேயே பசி ஒழிந்த முதல் பேரூராட்சி என்று கோரையாத்தூருக்குப் பட்டம் வந்தது. பசி ஒழிந்த ஊருக்குச் சத்துணவு எதற்கு என்று பள்ளிக்கூடத்துச் சமையற்கூடத்துக்குப் பூட்டு வந்தது. ரேஷன் கடையில் அரிசி வந்து இறங்கியது, இறங்கிய வேகத்தில் வேறெங்கோ ஏறிப் போனது, யாரும் கேட்கவில்லை. பசிக்காதவனுக்கு அரிசியா ஞாபகம் இருக்கும்? மெஸ்காரர் அடுப்பை விற்றுவிட்டு செல்போன் கவர் விற்றார். வயலுக்கும் செங்கல் சூளைக்கும் வேலைக்குப் போனவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு நின்றது. கேட்டால், "இப்பத்தான ஏப்பம் விட்ட? இன்னும் எவ்வளவு திம்ப?" என்றார்கள் முதலாளிகள். கூலியிலும் சாப்பாட்டுக்கென்று இருந்த பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஏப்பம் விட்டவனால் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

ஏகாம்பரத்துக்கோ அது பொற்காலம். எந்தப் பந்தியிலும் இடமில்லாமல் இருந்தவருக்கு இப்போது ஊரே பந்தி விரித்தது. மைக் செட் கடையை மூடிவிட்டார். கூம்பு ஸ்பீக்கர்களும் ஒயர்ச் சுருள்களும் வீட்டு முன்னறையில் தூசி படிந்து கிடக்க, அவர் அவற்றுக்கு நடுவே பட்டு வேட்டியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூன்று வேளையும் தின்றார். தலைவர் ஜெகதீசன் நின்றுகொண்டு விசிறினார். ஏகாம்பரத்துக்கு மோவாய்க்குக் கீழே இன்னொரு மோவாய் விழுந்தது, விரல்கள் பூவன்பழம் மாதிரி உருண்டன.

ஊர் இளைத்தது.

முதலில் அதையும் கொண்டாடினார்கள். தொப்பை கரைந்தது, சர்க்கரை குறைந்தது, பழைய சட்டைகள் பொருந்தின. மூலிகையின் மகிமை என்றார்கள். தையல்காரர் ராத்திரி பகலாக ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்து, பிறகு பிடித்ததையே மறுபடி பிடித்துத் தைத்தார். மாசிலாமணி வைத்தியர் மருந்தைப் பாட்டிலில் அடைத்து வெளியூருக்கு அனுப்பினார், அங்கே அது வெறும் பேதியைத்தான் உண்டாக்கியது. உங்கள் ஊருக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று அவர் பதில் சொன்னார். பிள்ளைகள் பாலுக்கு அழுவதில்லை, தின்பண்டத்துக்கு அடம் பிடிப்பதில்லை, சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்தன. இவ்வளவு நல்ல பிள்ளைகளை எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்று விருந்தாளிகள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பக்கத்து வீட்டுச் சுகுணாவின் மகள் மித்ரா, ஆடி மாதம் முழுக்க வாசலில் தளர்நடை போட்டுக் கொலுசு சத்தத்தோடு பூங்காவனத்தின் அடுப்படி வரை வந்து போன குழந்தை. புரட்டாசியில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஐப்பசியில் தவழ்ந்தாள். பிறகு ஒரு காலையில் வாசல்படியில் உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு காக்கை அவள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. குழந்தை அதைப் பார்த்தாள், காக்கையும் பார்த்தது, இரண்டும் நகரவில்லை. பூங்காவனம் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் பின்னால் சாயப் பார்த்தாள், அவ்வளவு லேசாக இருந்தாள் மித்ரா.

"ஏன்டி, இவளுக்கு என்ன குடுத்த காலையில?"

"காலையிலதான் மாமா இட்லி சாப்பிட்டாரே அக்கா. நல்லா ஏப்பம் விட்டா பாப்பா" என்றாள் சுகுணா. அவள் கன்னத்து எலும்புகள் பேசும்போது அசைந்தன.

பூங்காவனம் வீட்டுக்குள் வந்து நின்றாள். மூன்று வேளையும் ஊருக்காகச் சமைக்கிற அவள் கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தாள். வளையல் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது. விழாவில் டாக்டர் சொன்ன வார்த்தை அப்போதுதான் தொண்டையிலிருந்து இறங்கி, விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. ஒரு கரண்டிச் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வாயில் வைத்தாள். இரண்டு கல்யாண விருந்தை அடுத்தடுத்துச் சாப்பிட்டவள்போலக் குமட்டியது, கண்ணில் தண்ணீர் வந்தது. நாலு பருக்கைக்கு மேல் இறங்கவில்லை.

அவள் நேராக வைத்தியரிடம் போனாள். அவர் இப்போது ஏசி அறையில் இருந்தார்.

"மருந்தை முறிக்கறதுக்கு ஏதாச்சும் குடுங்க ஐயா."

"நல்லா இருக்கற மருந்தை எதுக்கும்மா முறிக்கணும்?"

"புள்ளைங்க உக்காந்த எடத்துலயே உக்காந்திருக்குது."

"அது தியான நிலை" என்றார் வைத்தியர். அவள் போகாமல் நின்றபடியே அவரைப் பார்த்தாள். பார்வையைத் தாங்க முடியாமல் அவர் கண்ணை மூடப் பார்த்து, மூட முடியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்ன போட்டேன்னு தெரிஞ்சாத்தானேம்மா முறிக்கறதுக்கு? மருந்து உள்ள எறங்கி அதுவா போனாத்தான் உண்டு. நீ வெளியில சொல்லிடாத."

வீட்டுக்கு வந்தவள், தட்டின் முன்னால் காத்திருந்த புருஷனிடம் சொன்னாள்.

"ஏங்க, கொஞ்ச நாளைக்கு நீங்க சாப்பிடாம இருக்கணும்."

ஏகாம்பரம் சிரித்தார். "நான் சாப்பிடலன்னா ஊர் பட்டினி கெடக்கும்டி."

"இப்ப மட்டும் என்ன? ஊர் பட்டினிதான் கெடக்குது. பட்டினின்னு தெரியாம கெடக்குது."

"ஒருத்தனாவது பசிக்குதுன்னு சொன்னானா?"

"சொல்ல மாட்டாங்க. நீங்க அவங்க வாயையும் சேத்துல்ல தின்னுட்டீங்க."

அவர் முகம் மாறியது. "பூங்காவனம், இத்தினி வருசமா என்னை ஒருத்தன் வா, உக்காருன்னு சொன்னானா? இன்னிக்கி தலைவரு எனக்கு விசிறி விடறான். அதைக் கெடுக்காத. போயி குழம்பை எடுத்துட்டு வா."

அவருக்காக அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. நின்றபடியே தின்ற அந்தக் காலத்தை அவளும் கூட இருந்து பார்த்தவள். ஆனால் அவள் குழம்பை எடுத்து வரவில்லை. அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். முன்கதவையும் பின்கதவையும் பூட்டினாள், ஜன்னலை ஒருக்களித்து வைத்தாள், சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். ஏகாம்பரம் முதலில் அதட்டினார், பிறகு திட்டினார், பிறகு கெஞ்சினார். எழுந்து வந்து சாவியைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் அந்த உடம்போடு எழுந்திருக்க இப்போது அவருக்கு இரண்டு ஆள் வேண்டும்.

அன்று மத்தியானம் கோரையாத்தூரில் ஏப்பம் வரவில்லை. ஜனங்கள் வேலையை நிறுத்திவிட்டு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சாயங்காலமும் வரவில்லை. மறுநாள் ஏகாம்பரத்தின் வயிறு ஒரு முறை உறுமியது, அந்த உறுமல் கூரையைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கேட்டைத் தாண்டிப் போய், எல்லார் வயிற்றிலும் இறங்கியது. இத்தனை மாதம் இல்லாத பசி, சாப்பிடாமல் விட்ட அத்தனை வேளையின் பசியும், ஒவ்வொன்றாக, வரிசை தப்பாமல், டோக்கன் கூப்பிடக் கூப்பிட வருவதுபோல வந்தது. காலைப் பசி வந்தது, மத்தியானப் பசி வந்தது, மழை நாளில் வறுத்த கடலைக்கு ஏங்கும் பசி வந்தது, தீபாவளிப் பசி தனியாக வந்தது. குருக்கள் மணியைப் போட்டுவிட்டுத் தூணைக் கட்டிக்கொண்டார். மேலத்தெருக்காரர்கள் வாயை மூடி அடக்கிப் பார்த்தார்கள், பசி அப்படி அடங்குவதில்லை. நல்ல பிள்ளைகள் எல்லாம் ஒரே சமயத்தில் அழுதன, அந்தச் சத்தத்தை மறந்துபோயிருந்த தாய்மார்கள் என்னவோ ஏதோவென்று பதறினார்கள்.

ஊர் என்ன செய்தது என்றால், சமைத்தது. எங்கெங்கோ கிடந்த அரிசியையும் பருப்பையும் தேடி எடுத்து, டவுனுக்கு ஆள் அனுப்பி வாங்கி வந்து, அண்டா அண்டாவாகச் சமைத்தது. சமைத்த பிரியாணியையும் பொங்கலையும் இட்லியையும் தூக்கிக்கொண்டு, பசியில் காலிடறி விழுந்து எழுந்து, ஏகாம்பரத்தின் வாசலுக்கு ஓடி வந்தது. ஒருவரும் ஒரு வாய் தின்னவில்லை.

"அண்ணே! ஒரு வாய் சாப்பிடுண்ணே! பசி தாங்கல!" என்று ஜன்னலில் முட்டினார்கள். கையில் பிரியாணித் தட்டை வைத்துக்கொண்டு தலைவர் ஜெகதீசன் அழுதார். "பூங்காவனம், இது சட்டவிரோதம். பொதுமக்களுக்குப் பசியை உண்டாக்கறது பெரிய குற்றம். இன்ஸ்பெக்டர் வந்திருக்காரு." இன்ஸ்பெக்டர் வந்துதான் இருந்தார், இரண்டு கையாலும் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று யோசித்தபடி, தலைவரின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து ஏகாம்பரம், "குடுக்கறாங்கல்ல, வாங்குடி!" என்று கத்தினார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சுகுணா ஜன்னலுக்கு வந்தாள். இடுப்பில் மித்ரா, தொண்டை கட்டும் வரை அழுது விக்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் பருப்புச் சோற்றுக் கிண்ணம், நெய் விட்டுக் குழையப் பிசைந்தது.

"அக்கா, உன் காலைத் தொட்டுக் கும்பிடறேன். மாமாவை இதைச் சாப்பிடச் சொல்லு. பாப்பா பசியில துடிக்கறாக்கா."

பூங்காவனம் ஜன்னலைத் திறந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"சுகுணா, அந்தக் கிண்ணத்தை அவளுக்குக் குடு."

சுகுணா விழித்தாள். "யாருக்கு?"

"உன் இடுப்புல இருக்கறவளுக்கு."

சுகுணா கையிலிருந்த கிண்ணத்தை முதல் முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மித்ரா குனிந்து கையை முழுசாகக் கிண்ணத்துக்குள் விட்டு, அள்ளி, வாயைச் சுற்றிலும் அப்பிக்கொண்டாள். விழுங்கினாள். அழுகை நின்றது. மறுபடி அள்ளினாள். அத்தனை கூட்டமும் அந்தக் குழந்தை தின்பதைப் பார்த்தது, ஏதோ இதுவரை கண்டிராத அதிசயத்தைப் பார்ப்பதுபோல.

முதலில் கை வைத்தது இன்ஸ்பெக்டர்தான், தலைவரின் தட்டில். பிறகு யார் யார் தட்டில் யார் கை வைத்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தெருப் புழுதியில் உட்கார்ந்து, காலனிக்காரர்கள் கொண்டுவந்த அண்டாவில் மேலத்தெரு கையும் கோயில் தெருப் பொங்கலில் எல்லார் கையும் போய் வந்தன. உள்ளே ஏகாம்பரம் இன்னும் பசியோடு இருந்ததால் ஒருவருக்கும் போதும் என்ற சேதி வரவில்லை. கொண்டுவந்தது தீர்ந்தது, பசி தீரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பூட்டை உடைத்து அடுப்பு மூட்டினார்கள். ரேஷன் கடைக்குப் போய் அரிசி எங்கே என்று கேட்டார்கள். இத்தனை மாதமாக ஒருவரும் கேட்காத கேள்வி என்பதால் கடைக்காரரிடம் பதில் தயாராக இல்லை. சூளைக்குப் போய்ப் பிடித்த கூலியைக் கேட்டார்கள். பசித்த ஊரின் குரல் எப்படி இருக்கும் என்பது முதலாளிகளுக்கும் மறந்துபோயிருந்தது. அன்றைக்கே லாரியில் அரிசி வந்தது.

அரிசி வந்து, உலை கொதித்து, ஊர் உண்ட பிறகுதான் பூங்காவனம் ஒரு கிண்ணம் கஞ்சி காய்ச்சிப் புருஷன் கையில் கொடுத்தாள். அவர் அழுதுகொண்டே குடித்தார், சின்னதாக ஓர் ஏப்பம் விட்டார், ஊரும் விட்டது. அன்றோடு மருந்தை நிறுத்தினாள், ஊர் உண்ட பிறகே அவருக்குச் சோறு போட்டாள்.

பசி ஒழிந்த ஊரில் விஷமிகள் சிலர் பசியைப் பரப்பினார்கள் என்று அதிகாரிகள் மேலே எழுதி அனுப்பினார்கள். மாசிலாமணி வைத்தியர் ஏசியை விற்றுவிட்டு மறுபடி மாட்டுச்சந்தைக்கு எதிரே உட்கார்ந்து, மூட்டுவலிக்குத் தைலம் காய்ச்சினார். அது நல்ல தைலம், வலி கேட்டது, யாரும் சால்வை போர்த்தவில்லை. மருந்து ஏகாம்பரத்தின் உடம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஏப்பம் முதலில் கேட்டைத் தாண்டாமல் நின்றது, அது தெரிந்த அன்று மேலத்தெருவில் கேசரி கிண்டினார்கள். பிறகு கடைத்தெருவோடு நின்றது, பிறகு பக்கத்து வீட்டோடு. தை மாதத்தில் ஒரு மத்தியானம் ஏகாம்பரம் சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. உடம்பு வற்றியிருந்ததால் ஆள் துணையில்லாமலே எழுந்துபோய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஜனங்கள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அவர் திரும்பி வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தபோது, எதிரே பூங்காவனம் தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்தே அவளுக்குப் பசித்தது. அடிவயிற்றில் ஆரம்பித்து, கண்ணை இருட்டிக்கொண்டு வருகிற பசி, முழுக்க முழுக்க அவளுடையது. குவித்துச் சோறு போட்டு, நடுவே பள்ளம் பறித்து, மீன் குழம்பை நிறைய ஊற்றிப் பிசைந்தாள்.

"எனக்கு இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றார் ஏகாம்பரம்.

"சட்டி பக்கத்துலதான் இருக்குது, ஊத்திக்கங்க" என்று சொல்லிவிட்டு, பூங்காவனம் முதல் கவளத்தை வாயில் வைத்தாள்.